தங்க நூலில் தைத்த திருவுடைகள்: ஓபுஸ் ஆங்கிலிகானும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஓபுஸ் ஆங்கிலிகானும் என்றால் என்ன?

லத்தீனில் ‘ஆங்கிலேய வேலை’ என்று பொருள். இங்கிலாந்தில், பெரும்பாலும் லண்டன் பட்டறைகளில், பட்டு நூலும் தங்க நூலும் கொண்டு தைத்த, குருமார் வழிபாட்டில் அணியும் திருவுடைகளை மற்ற ஐரோப்பிய நாட்டுக் கோயில்களின் சரக்குப் பதிவேடுகளில் இந்தப் பெயரில்தான் எழுதி வைத்தார்கள். 1250 முதல் 1350 வரையான நூறு ஆண்டுகள் இதன் உச்சகாலம். 1295இல் எடுத்த வத்திக்கான் கருவூலப் பட்டியலில் நூறு இடங்களுக்கு மேல் ‘ஆங்கிலேய வேலை’ என்ற குறிப்பு வருகிறது.

அந்த மோகம் எப்படித் தொற்றியது என்பதற்கு செயின்ட் ஆல்பன்ஸ் மடத்துத் துறவி மேத்யூ பாரிஸ் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். 1246இல் ஆங்கிலேய மதகுருமார்களின் உடையில் இருந்த தங்க வேலை பாப்பரசர் நான்காம் இன்னசென்டின் கண்ணில் பட்டது. எங்கே செய்தது என்று கேட்டார். இங்கிலாந்தில் என்று பதில் வந்ததும், அங்குள்ள சிஸ்டர்சியன் மடத்தலைவர்களுக்குக் கடிதம் போய்விட்டது: இதே மாதிரி எனக்கும் அனுப்புங்கள். லண்டன் வியாபாரிகளுக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை, சொன்ன விலைக்கு விற்றார்கள் என்று மேத்யூ கிண்டலாக முடிக்கிறார்.

கோப், சாசுபிள், ஆர்ஃப்ரி... எது எது?

கோப் என்பது அரைவட்டமாக வெட்டிய பெரிய மேல்போர்வை. தோளில் போட்டு மார்பில் ஒரு கொக்கியால் பூட்டுவார்கள். பவனிக்கும் மாலைச் செபத்துக்கும் உரியது, பூசைக்கு அல்ல. பூசையில் குருவானவர் எல்லாவற்றுக்கும் மேலே தலை வழியாக அணிவது சாசுபிள். ஸ்டோல் என்பது நம் ஊர்க் கோயில்களில் கழுத்துப்பட்டை என்கிறோமே, அதே. மேனிப்பிள் இடது முன்கையில் தொங்கும் சிறு பட்டை. இவற்றின் மேல் நெடுக்காகவோ விளிம்பிலோ தைத்துச் சேர்க்கும் எம்பிராய்டரிப் பட்டைக்கு ஆர்ஃப்ரி என்று பெயர். ‘ஃப்ரிஜியா நாட்டுத் தங்கவேலை’ என்ற பொருள் கொண்ட லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

கோப் எவ்வளவு பெரியது என்பதற்கு, லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் சையன் கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1310–1320 காலத்தது. குறுக்கே ஏறத்தாழ 3 மீட்டர், உயரம் 1.5 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதில் துணி கண்ணுக்குத் தெரியும் இடமே இல்லை. படங்களுக்குப் பின்னால் இருக்கும் பச்சையும் சிவப்பும்கூட நெய்த துணியல்ல, ஊசியால் நிரப்பியவை.

தைத்தவர்கள் கன்னியாஸ்திரிகளா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். மடங்களிலும் தைத்தார்கள், ஆனால் பெரிய வேலைகள் கூலிக்குத் தைத்த பட்டறைகளில் நடந்தவை. ஆணும் பெண்ணும் இருந்தார்கள். பெயர் தெரிந்த சிலரில் முக்கியமானவர் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் ஊர் மேபல். 1239 முதல் 1244 வரை மூன்றாம் ஹென்றியின் அரசுக் கணக்குகளில் இவர் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. 1256இல் அரசர் அந்த ஊருக்குப் போனபோது, நெடுநாள் உழைத்தவர் என்று சொல்லி, மேபலுக்கு உடுப்புத் துணியும் முயல் மென்மயிரும் கொடுக்கச் சொன்னார்.

கூலிக்கும் கணக்கு இருக்கிறது. வெஸ்ட்மின்ஸ்டர் மடத்துப் பலிபீடத்தின் முன்திரை ஒன்றை 4 பெண்கள் 3¾ ஆண்டுகள் உட்கார்ந்து தைத்தார்கள். 1271இல் முடிந்த அந்த வேலைக்குக் கொடுத்த கூலி 36 பவுண்டு. அதில் வைத்த முத்துக்கு மட்டும் ஆன செலவு அதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. கைவேலையில் எது மலிவு என்பது அன்றும் இன்றும் ஒன்றுதான்.

எல்லோரும் சொல்லும் அந்த ‘அடி கவுச்சிங்’ என்ன? சாதாரண கவுச்சிங்கிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

தங்க நூலைத் துணிக்குள் ஊசியால் கோத்துத் தைக்க முடியாது. ஒவ்வொரு குத்துக்கும் உரசி, மேலே சுற்றிய உலோகத் தகடு பிரிந்துவிடும். அதனால் நூலைத் துணியின் மேல் படுக்க வைத்து, வேறொரு நூலால் ஆங்காங்கே கட்டுவார்கள். இதுதான் கவுச்சிங். ஜர்தோசியில் கட்டுவதும் இந்த முறைதான். இங்கே கட்டும் நூல் தங்கத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும், பார்த்தால் தெரியும்.

அடி கவுச்சிங்கில் கட்டும் நூல் மேலே தெரியவே தெரியாது. லினன் நூலை அடியிலிருந்து ஏற்றி, தங்க நூலைச் சுற்றி, வந்த அதே ஓட்டை வழியாக இறக்கி, அடியிலிருந்து சுண்டி இழுப்பார்கள். தங்க நூலின் ஒரு துளி வளைந்து ஓட்டைக்குள் இறங்கி, அடியில் குட்டி வளையமாக நிற்கும். அந்த வளையத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் லினன் நூல். மேலே தெரிவது தங்கமும், கட்டு விழுந்த இடத்தில் ஊசிமுனை அளவுக் குழியும் மட்டும்.

இதில் இரண்டு ஆதாயம். கட்டும் நூல் உரசலுக்கு வெளியே இருப்பதால் அறுந்து தங்கம் தொங்குவதில்லை. எழுநூறு ஆண்டு கழித்தும் பல கோப்புகளில் தங்கம் இடம் பெயராமல் கிடக்கிறது. அடுத்தது, எங்கள் கணக்கில் இதுதான் பெரியது: ஒவ்வொரு குழியும் ஒரு கீல் மாதிரி மடியும். முழுக்கத் தங்கத்தால் மூடிய துணியும் தோளில் விழுந்து, மடிந்து, நடக்கும்போது அசைகிறது. மேல் கவுச்சிங்கில் அதே அளவு தங்கத்தை அடைத்தால் அட்டைப்பலகை மாதிரி விறைத்து நிற்கும். பவனியில் நடந்து போகிறவருக்காகச் செய்த உடை என்பதை மறந்துவிட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டும் பார்த்தால் இந்த நுட்பத்தின் அருமை தெரியாது.

வீட்டில் ஒரு மாதிரித் துண்டு தைத்துப் பார்க்க என்னென்ன வேண்டும்?

5 செ.மீ. சதுரத்துக்குச் சொல்கிறோம். அதற்கு மேல் முதல் முறை ஆசைப்பட வேண்டாம்.

நெருக்கமாக நெய்த லினன் துணி இரண்டு அடுக்கு: மேலே மெல்லியது, கீழே சற்றுத் தடித்தது. பருத்தியும் வேலை செய்யும், ஆனால் லினன் இழைதான் ஓட்டையைச் சுற்றி மறுபடி இறுகிக்கொள்ளும். தங்க நூல் 0.35 மி.மீ. தடிமன் அளவில், நூல் உள்ளீட்டின் மேல் உலோகத் தகடு சுற்றியதாக இருக்க வேண்டும். கட்டுவதற்கு முறுக்கேறிய வலுவான லினன் நூல், அதில் தேய்க்கத் தேன்மெழுகு. கூர்முனையும் அகலக் கண்ணும் உள்ள ஷெனில் ஊசி, 24ஆம் எண். பிறகு துணியை நான்கு பக்கமும் இழுத்துக் கட்டும் சட்டம். வட்ட வளையம் போதாது. சுண்டும் ஒவ்வொரு முறையும் துணி நழுவும்.

தங்க நூல் எவ்வளவு ஆகும்? 5 செ.மீ. அகலத்தில் 0.35 மி.மீ. நூல் ஏறத்தாழ 143 வரிசை. 5 செ.மீ. வீதம் 7 மீட்டர் சொச்சம். 3 மி.மீ.க்கு ஒரு கட்டு என்றால் வரிசைக்கு 17, மொத்தம் 2,400 கட்டுகள். ஒவ்வொரு கட்டிலும் ஏறத்தாழ 2 மி.மீ. தங்கம் அடியில் போய்விடும். அது இன்னொரு 5 மீட்டர். ஆக 12 மீட்டர், கைதவறுக்கும் சேர்த்து 15 மீட்டர் வாங்குங்கள். அடியில் போகும் இந்தக் கணக்கை விட்டுவிட்டுத்தான் பாதியில் நூல் தீர்ந்து நிற்பார்கள். கட்டுக்கு 15 வினாடி என்றாலும் 10 மணி நேர வேலை.

படிப்படியாகச் சொல்லுங்கள்.

துணியைச் சட்டத்தில் கட்டித் தட்டிப் பாருங்கள், மேளத்தோல் மாதிரி ஒலிக்க வேண்டும். கட்டங்களைக் கூரான பென்சிலால் லேசாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

தங்க நூலின் முனையைப் பெரிய ஊசியால் அடிக்குக் கொண்டுபோய் ஓரத்தில் நாலு தையல் போட்டு நிறுத்துங்கள். மற்ற பகுதியை முதல் வரிசைக் கோட்டின் மேல் படுக்க வைத்து, இடது கையால் லேசாக இழுத்துப் பிடியுங்கள்.

மெழுகு தேய்த்த லினன் நூலைக் கோட்டின் மேலேயே ஏற்றுங்கள். தங்க நூலைத் தாண்டி வளைத்து, அதே ஓட்டையில் ஊசியை இறக்குங்கள். ‘அதே’ என்றால் அதே. ஓர் இழை தள்ளிப் போனாலும் கட்டு மேலே நின்றுவிடும். இப்போது ஊசியை விட்டுவிட்டு, அடியில் லினன் நூலையே விரலில் சுற்றி, நேர் கீழாகச் சுண்டுங்கள். தங்கம் உள்ளே இறங்கும்போது ‘டப்’ என்று ஒரு சின்னத் தட்டு விரலுக்குத் தெரியும். அந்தத் தட்டு வந்ததும் நிறுத்துங்கள். வளையம் 1 மி.மீ. போதும்.

3 மி.மீ. தள்ளி அடுத்தது. வரிசை முடிந்த இடத்தில் தங்க நூலை வெட்டாதீர்கள். திரும்பும் முனையில் ஒரு கட்டுப் போட்டு உள்ளே இழுத்துவிட்டால் வளைவு தானே கூராகும். அடுத்த வரிசையின் கட்டுகளை முந்தையவற்றுக்கு நடுவில் போட்டால் செங்கல் அடுக்கிய மாதிரி வரும். ஒவ்வொரு வரிசையிலும் கட்டைச் சற்றுச் சற்று நகர்த்தினால் கோணல் வரிகள், பிறகு சாய்சதுரங்கள். பழைய கோப்புகளில் தங்கப் பின்புலம் முழுக்க இப்படிக் குழிகளாலேயே வரைந்த கோலங்கள் நிறைந்திருக்கும். மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒவ்வொரு கட்டமும் வெவ்வேறு பக்கம் மின்னும்.

தங்கம் உள்ளே இறங்கவே மாட்டேன் என்கிறது. ஏன்?

முதலில் ஊசியைப் பாருங்கள். மெல்லிய ஊசியின் ஓட்டையில் தங்க வளையம் புகாது. அது சரியென்றால் ஓட்டை மாறியிருக்கும். இரண்டு ஓட்டைக்கு நடுவில் ஓர் இழை சிக்கியிருந்தால் எவ்வளவு இழுத்தாலும் வராது, நூல்தான் அறும். மூன்றாவது, துணி தளர்ந்திருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை கயிற்றை இறுக்குங்கள்.

இறங்குகிறது ஆனால் மேலே தகடு பிரிந்து உள்நூல் தெரிகிறது என்றால் நீங்கள் அதிகம் சுண்டுகிறீர்கள், அல்லது நூலின் சுற்று தளர்வாக இருக்கிறது. முடித்துச் சட்டத்திலிருந்து எடுத்ததும் துணி சுருங்கிக் குழிந்தால், வேலை நடக்கும்போது அது போதிய இறுக்கத்தில் இல்லை என்று அர்த்தம். அதைத் திருத்த வழியில்லை, அடுத்த துண்டில் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

காஞ்சிபுரம் சேலை ஜரிகையை வைத்தே செய்யலாமா?

அசல் ஜரிகை என்றால் செய்து பார்க்கலாம். இரண்டும் உறவுக்காரப் பொருள்கள்தான்: பட்டு நூலின் மேல் பொன்முலாம் பூசிய வெள்ளித் தகடு. வித்தியாசம் உள்ளே இருக்கும் பட்டின் நிறத்தில். இங்கிலாந்து வேலையில் மஞ்சள் பட்டு, காஞ்சி ஜரிகையில் சிவப்பு. அடி கவுச்சிங்கில் ஒவ்வொரு கட்டிலும் நூல் முறிந்தாற்போல் வளைவதால் சுற்று சற்று விலகும். மஞ்சள் எட்டிப் பார்த்தால் கண்ணுக்குப் படாது, சிவப்பு பட்டுவிடும். ஜரிகை மெல்லியதும்கூட, இரண்டு இழையாகச் சேர்த்துப் படுக்க வையுங்கள்.

பிளாஸ்டிக் படலம் சுற்றிய பளபள நூல் இதற்கு உதவாது. அது துள்ளும் தன்மை உள்ளது. உள்ளே இழுத்த வளையம் மறுநாள் பார்த்தால் மேலே வந்து நிற்கும்.

ஆரி ஊசியால் முடியுமா?

முடியாது. ஆரி ஊசி மேலிருந்து நூலைக் கொக்கி போட்டு எடுத்துச் சங்கிலித் தையல் போடுவது. இங்கே இழுப்பு அடியிலிருந்து வர வேண்டும். ஆனால் ஆரி வேலைக்கு வைத்திருக்கும் பெரிய ஃபிரேமும் துணி கட்டும் பழக்கமும் அப்படியே பயன்படும். பாதி வேலை அதுதான்.

முகங்கள் அவ்வளவு உயிரோடு இருக்கின்றனவே, அது என்ன தையல்?

ஸ்பிளிட் ஸ்டிட்ச். முறுக்கில்லாத பட்டு இழையால் 1 முதல் 2 மி.மீ. நீளத்துக்கு ஒரு தையல் போட்டு, அடுத்த தையல் முந்தையதின் நடுவைப் பிளந்துகொண்டு மேலே வரும். கோடு போட்ட மாதிரி ஒழுகும். முகத்தில் இந்தக் கோடுகளை இடமிருந்து வலமாக அடுக்குவதில்லை. கன்னத்தின் நடுவில் தொடங்கிச் சுருள் சுருளாக வெளியே வருவார்கள். பட்டின் பளபளப்பு, இழை போகும் திசைக்கேற்ப மாறும். அதனால் ஒரே நிறப் பட்டில் தைத்தும் கன்னம் உப்பித் தெரிகிறது. நிழல் நிறமே தேவைப்படவில்லை. முடியும் தாடியும் இரண்டு நிறப் பட்டைகள் மாறி மாறி. மஞ்சளோடு வெள்ளை சரி, நீலத் தாடியும் உண்டு. கண்ணைக் கவனித்துப் பாருங்கள், கருவிழி எப்போதும் ஓர் ஓரத்தில் நிற்கும்.

இப்போது பல முகங்களில் புருவமும் உதட்டுக் கோடும் காணோம். யாரும் பிரிக்கவில்லை. கறுப்புச் சாயத்தில் இருந்த இரும்பு அந்தப் பட்டு நூலை மட்டும் தின்றுவிட்டது. உதிர்ந்த இடத்தில், கீழே லினனில் அன்று வரைந்த மைக்கோடு தெரிகிறது.

அந்தப் படத்தைத் துணியில் எப்படி ஏற்றினார்கள்?

ஓவியர் கரியால் வரைந்து பிறகு மையால் உறுதி செய்வது ஒரு வழி. தோல் தாளில் ஊசியால் துளையிட்டுக் கரித்தூளைத் தட்டி இறக்குவது இன்னொன்று. இது இன்றும் ஆரி வேலையில் நடப்பதுதான். ஆனால் நாம் பயன்படுத்தும் ஜிங்க் பவுடர், மண்ணெண்ணெய்க் கலவையை இதற்கு எடுக்காதீர்கள். எண்ணெய் ஊறிய லினனில் வெளிர்நிறப் பட்டு மங்கிவிடும். கரித்தூள் தட்டி, மெல்லிய தூரிகையால் கோட்டை எடுத்து, மிச்சத் தூளை உதறுங்கள்.

வெல்வெட்டில் தைத்தவையும் இருக்கின்றன. அதில் படம் எப்படி நிற்கும்?

1330 வாக்கில் சிவப்பு வெல்வெட் கோப்புகள் வருகின்றன. பட்லர்-பவுடன் கோப் அப்படிப்பட்டது, குட்டி முத்துகளும் வைத்தது. வெல்வெட்டின் மயிரில் கோடு நிற்காது, தையலும் புதைந்துவிடும். அதனால் மேலே ஒரு மெல்லிய துணியை விரித்து, அதில் வரைந்து, இரண்டையும் சேர்த்துத் தைத்து, பிறகு ஓரத்துணியை வெட்டி எடுத்தார்கள். கடினமான வேலை. பிற்காலத்தில் எளிய வழிக்குப் போனார்கள்: சம்மனசு (தேவதூதர்), பூ, இரட்டைத்தலைக் கழுகு என்று ஒவ்வொன்றையும் லினனில் தனியே தைத்து, வெட்டி, வெல்வெட்டில் ஒட்டுத்தையல் போட்டு, சுற்றிலும் தங்கக் கதிர்கள் இழுப்பது. 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய உடைகள் பெரும்பாலும் இப்படித்தான். அடி கவுச்சிங் போய், மேல் கவுச்சிங் திரும்பி வந்தது. அழகு குறைவு என்று சொல்ல மாட்டோம், ஆனால் வேலை குறைவு.

ஏன் இந்தக் கலை தேய்ந்தது?

1348–49 கொள்ளைநோயில் கைகள் போயின. மிஞ்சியவர்களிடம் வேகமாக முடியும் வேலையைக் கேட்டார்கள். அதே சமயம் இத்தாலியில் படம் போட்டு நெய்த பட்டும் வெல்வெட்டும் நன்றாக வரத் தொடங்கிவிட்டன. துணியே அழகாக இருக்கும்போது அதை ஊசியால் மூடுவானேன்?

இங்கிலாந்தில் செய்தவை ஏன் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் கிடைக்கின்றன?

பரிசாகப் போனவை பிழைத்தன. பாப்பரசர் நான்காம் நிக்கோலாஸ் 1288இல் இத்தாலியின் அஸ்கோலி பிச்சேனோ பேராலயத்துக்குக் கொடுத்த கோப் இன்றும் அந்த ஊரில் இருக்கிறது. நடுவில் 1902இல் திருடு போய், அமெரிக்கச் செல்வந்தர் ஜே. பி. மார்கனின் கைக்கு வந்து, களவுப் பொருள் என்று தெரிந்ததும் 1904இல் அவர் திருப்பிக் கொடுத்தார். அதே நாட்டில் பியென்சா ஊரில் இருக்கும் கோப் 1462இல் பாப்பரசர் இரண்டாம் பயஸ் கொடுத்தது.

இங்கிலாந்திலேயே தங்கியவற்றுக்கு 16ஆம் நூற்றாண்டு மதச் சீர்திருத்தம் எமன். நெருப்பில் போட்டு உலோகத்தை உருக்கி எடுத்தார்கள். தப்பியவை மெத்தை உறையாகவும் கட்டில் திரையாகவும் மாறின. டெர்பிஷயரில் ஹார்ட்விக் மாளிகையின் சுவர்த் திரைகளில், பழைய கோப்புகளை வெட்டி ஒட்டிய துண்டுகளை இன்றும் பார்க்கலாம். சையன் கோப் தப்பியது பிரிஜிட்டைன் கன்னியாஸ்திரிகளால்; நாட்டை விட்டுப் போனபோது கையோடு எடுத்துப் போய், 19ஆம் நூற்றாண்டில் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

பழைய சாசுபிளில் படங்கள் பாதியில் வெட்டுப்பட்டிருக்கின்றன. தையல்காரர் பிழையா?

இல்லை. ஆதியில் சாசுபிள் மணி வடிவில் கை முழுக்க மூடும். கையை உயர்த்தும்போது அவ்வளவு துணியும் முன்கையில் குவியும். பின்னாளில் கைப்பக்கம் வெட்டிக் குறுக்கினார்கள், அதோடு புனிதர்களின் கால், கை, சில சமயம் முகமும் போயின. வெட்டியதை வீணாக்கவில்லை. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள சிசெஸ்டர்-கான்ஸ்டபிள் சாசுபிளின் வெட்டுத் துண்டுகளிலிருந்து ஒரு ஸ்டோலும் மேனிப்பிளும் தைத்திருக்கிறார்கள்.

எங்கள் கோயிலில் தங்க நூல் வேலை செய்த பழைய கோப் ஒன்று கறுத்துக்கிடக்கிறது. எலுமிச்சையோ வெள்ளி பாலிஷோ போட்டால் தெளியுமா?

இரண்டும் வேண்டாம். பொன்முலாம் நம் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. கீழே இருக்கும் வெள்ளி காற்றிலுள்ள கந்தகத்தால் கறுத்து மேலே வருகிறது. பாலிஷ் கறுப்போடு முலாமையும் எடுத்துவிடும். எலுமிச்சையின் அமிலம் உள்ளே பட்டில் ஊறி, சில ஆண்டுகளில் நூல் பொடியாகும். தண்ணீரும் ஆகாது, சாயம் இறங்கும்.

செய்யக்கூடியது இவ்வளவுதான். பட்டு விரிசல் விடாமல் இருந்தால் மட்டும், மேலே மெல்லிய வலைத்துணியை விரித்து, உறிஞ்சும் கருவியைக் குறைந்த வேகத்தில் வைத்துத் தூசியை எடுங்கள். ஹேங்கரில் தொங்கவிடாதீர்கள், தங்கத்தின் கனமே தோள்பட்டையைக் கிழித்துவிடும். நாலாக எட்டாக மடிக்கவும் கூடாது. சாலிஸ்பரி, வெல்ஸ், யார்க் பேராலயங்களில் கோப்புக்கென்றே வளைந்த பெரிய மரப் பெட்டிகள் செய்து வைத்திருப்பது இதற்காகத்தான். அப்படி இடமில்லை என்றால், சாயமில்லாத பருத்தித் துணியைத் துவைத்துக் காயவைத்து விரித்து, அதன் மேல் கோப்பைப் பரப்பி, மடிக்கும் ஒரே மடிப்புக்குள் அதே துணியை உருட்டி வையுங்கள். ரப்பர் பாண்டு, கம்பளி, நாப்தலின் உருண்டை எதுவும் அந்தப் பெட்டிக்குள் வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை திறந்து, மடிப்பு விழும் இடத்தை ஒரு சாண் தள்ளி மாற்றுங்கள்.